பட்டனை அமத்தினால் பதில் இல்லை: பாவித்த ஹைபிரிட் கார்களில் ஏசி முடங்குவது ஏன்?

“அண்ணை, ஏசி பட்டனை அமத்தினால் ஒண்டும் நடக்குதில்லை.”

“ஹைபிரிட் எல்லோ தம்பி, கொம்பிரசர் போயிருக்கும். ரீகண்டிஷன் ஒண்டு எடுத்துப் போடுவம்.”

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கராஜ் வாசல்களில் இந்த உரையாடலைக் கேட்கலாம். கேள்விக்கும் தீர்ப்புக்கும் இடையில் யாரும் பொனற்றைத் திறக்கவில்லை, ஸ்கான் கருவியைச் சொருகவில்லை, ஒரு பியூஸைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பிடித்த கொம்பிரசர் பூட்டப்படுகிறது, காஸ் நிரப்பப்படுகிறது, கணிசமான தொகை கைமாறுகிறது. மறுநாள் அதே பட்டன் அதே மௌனத்தோடு இருக்கிறது.

இளைஞர் சொன்ன குறை வேறு, கராஜ்காரர் விளங்கிக்கொண்ட குறை வேறு. “பட்டன் வேலை செய்யவில்லை” என்பது கட்டளை போய்ச்சேரவில்லை என்ற முறைப்பாடு. “கொம்பிரசர் போய்விட்டது” என்பது குளிர் உண்டாகவில்லை என்ற பழுதுக்கான விடை. சாதாரண பெற்றோல் காரிலேயே இவை இரண்டும் வெவ்வேறு விடயங்கள். ஹைபிரிட்டில் இவற்றுக்கு இடையே பல கணினிகள் உட்கார்ந்திருக்கின்றன. இந்த ஒரு வேறுபாட்டை உரிமையாளர்கள் மனதில் வைத்திருந்தால் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு மிஞ்சும்.

நம் நாட்டில் இது சின்னப் பிரச்சினை அல்ல. கடந்த தசாப்தத்தில் வரிச்சலுகை இருந்த காலத்தில் ஜப்பானில் ஓடிய பிரியஸ், அக்வா, அக்சியோ ஹைபிரிட், ஹொண்டா பிட், வெசல் எல்லாம் இங்கே பெருமளவில் இறங்கின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025இன் தொடக்கத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் உள்ளூரில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி, விலை ஏறிக்கொண்டே போயின. 2022இல் எரிபொருள் வரிசையும் கியூஆர் பங்கீடும் வந்தபோது, கிடைக்கும் லீற்றரில் அதிக தூரம் ஓடும் ஹைபிரிட்டுக்கு இருந்த மதிப்பு இன்னும் கூடியது. 2012ஆம் ஆண்டு அக்வா ஒன்று இன்று மூன்றாவது, நான்காவது உரிமையாளரிடம் நிற்கலாம். அதன் எஞ்சின் இன்னும் பல காலம் ஓடும். முதலில் களைப்பது கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வெந்துகொண்டிருக்கும் ஈயப்பற்றுகள், சொருகிகள், பட்டன் தொடுகைகள், பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு சிறிய பற்றரி.

சாதாரண காரில் ஏசி கொம்பிரசரை எஞ்சினின் பெல்ற் சுழற்றுகிறது. 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸ், பெல்ற்றே இல்லாத, முழுக்க மின்சாரத்தில் ஓடும் கொம்பிரசரைக் கொண்டுவந்தது. அதற்குச் சக்தி தருவது பின்னாலுள்ள பெரிய ஹைபிரிட் பற்றரி. ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ற் கலங்கள் ஆறு கொண்ட 28 தொகுதிகள் சேர்ந்து 201.6 வோல்ற். அக்வாவில் 20 தொகுதிகள், 144 வோல்ற். சிக்னல் விளக்கில் எஞ்சின் நின்றபடி இருக்க உள்ளே குளிர் தொடர்வது இதனால்தான்.

அந்த வசதிக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. கொம்பிரசர் தானாக ஓடாது, அதற்கு அனுமதி வேண்டும். நீங்கள் பட்டனை அமத்தும்போது அந்தச் செய்தி திரைக்கோ பனலுக்கோ போய், அங்கிருந்து ஏசி கணினிக்குப் போகிறது. ஏசி கணினி, ஹைபிரிட் முழுவதையும் ஆளும் கணினியிடம் இவ்வளவு மின்சாரம் எடுக்கலாமா என்று கேட்கிறது. பெரிய பற்றரியின் சேமிப்பு குறைந்திருந்தாலோ, அது சூடாகியிருந்தாலோ, வேறொரு பழுது பதிவாகியிருந்தாலோ பதில் “இப்போது முடியாது” என்றுதான் வரும். இருக்கையில் வியர்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரிவது ஒன்றே: ஏசி வேலை செய்யவில்லை.

ஆகவே கராஜுக்குப் போகுமுன் காரில் அமர்ந்தபடியே ஒன்றைக் கவனியுங்கள். பட்டனை அமத்தும்போது வெப்பநிலை எண் மாறுகிறதா, விளக்கு எரிகிறதா? எதுவுமே அசையவில்லை என்றால் பழுது கட்டளைப் பக்கத்தில். எண்கள் மாறுகின்றன, காற்று வரவில்லை என்றால் புளோவர் பக்கம். காற்று வருகிறது, குளிரவில்லை என்றால்தான் காஸ், கொம்பிரசர், அனுமதி பற்றிய பேச்சு. இவற்றில் எது என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டு வரும் வாடிக்கையாளரால் நேர்மையான மெக்கானிக்கின் நேரம் மிச்சமாகும், மற்றவர் கொஞ்சம் யோசிப்பார்.

அத்தோடு, டாஷ்போர்டில் ‘ரெடி’ விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டுமுறை அமத்தினால் திரைகள் எல்லாம் உயிர்பெறும், காற்றும் வரும், ஆனால் மின்கொம்பிரசர் இயங்காது. நெரிசலில் கியரை ‘என்’இல் போட்டுவிட்டுக் காத்திருப்பதும் டொயோட்டா ஹைபிரிட்டுகளுக்கு ஆகாது. அந்த நிலையில் எஞ்சினால் பெரிய பற்றரிக்குச் சக்தி ஏற்ற முடியாது. ஏசி அதை உறிஞ்சிக்கொண்டே போய், கடைசியில் கணினி ஏசியை நிறுத்திவிடும். இரண்டும் பழுதுகளல்ல, பழக்கங்கள்.

இனி அந்தச் சிறிய பற்றரிக்கு வருவோம். என் கருத்தில் ஹைபிரிட்டின் அரைவாசிப் புதிர்கள் இதற்குள்தான் இருக்கின்றன. பெரிய பற்றரி எவ்வளவு பலமாக இருந்தாலும், கணினிகள், திரை, பட்டன்கள், ரிலேக்கள் எல்லாம் வாழ்வது 12 வோல்ற்றில். பிரியஸில் அந்தப் பற்றரி பின்பக்கப் பொருட்பகுதியின் ஓரத்தில் இருக்கிறது, அக்வாவில் பின்னிருக்கைக்கு அடியில். சாதாரண காரில் இது கிழடாகும்போது ஸ்டார்டர் முனகும், சாரதிக்குக் காலையிலேயே விளங்கிவிடும். ஹைபிரிட்டில் எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பற்றரி. சிறியதன் வேலை கணினிகளை எழுப்புவது மட்டுமே. அதனால் அது தன் முதுமையை முனகிச் சொல்வதில்லை. திரை ஒருநாள் உறைகிறது, இன்னொரு நாள் ஏசி பட்டன் செவிடாகிறது, சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் வந்து போகின்றன. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணினியை மாற்றிப் பணம் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள்.

சோதிக்க ஒரு மலிவான மல்ரிமீற்றர் போதும். இரவு முழுக்க நின்ற காரில், கதவைத் திறந்து விளக்குகளை எரியவிடுமுன் அளந்தால் நல்ல பற்றரி 12.6 வோல்ற்றை அண்டிக் காட்டும். 12.2 என்றால் பாதி வெறுமை. 12க்குக் கீழே என்றால் வேறெதையும் தேடுமுன் அதைச் சக்தியேற்றிப் பாருங்கள், தேறாவிட்டால் மாற்றுங்கள். ‘ரெடி’ விளக்கு எரியும்போது 14ஐ அண்டி ஏறவேண்டும், ஏறாவிட்டால் பெரிய பற்றரியிலிருந்து சிறியதற்குச் சக்தி கொடுக்கும் மாற்றியைச் சந்தேகிக்க வேண்டும். மாற்றும்போது கடையில் கிடைத்த எந்தப் பற்றரியையும் வைத்துவிடாதீர்கள். இது பயணிகள் இருக்கும் அறைக்குள் இருப்பதால், வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாய் பூட்டக்கூடிய வகையாக இருக்கவேண்டும். வேறு வாகனத்திலிருந்து சக்தி எடுக்கும்போது நேர்முனையையும் மறைமுனையையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், ஒரு கணத்தில் பிரதான பியூஸோ அந்த மாற்றியோ போய்விடும்.

பற்றரி வயரைச் சிலநிமிடம் கழற்றி மாட்டினால் உறைந்த கணினிகள் புதிதாகத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் அதைச் செய்யுமுன் உங்கள் காரில் ஜப்பானிய நவிகேஷன் திரை இருக்கிறதா என்று பாருங்கள். டொயோட்டாவின் பல திரைகள் மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் பூட்டிக்கொண்டு, திறப்பதற்கு இரகசிய எண் கேட்கும், ஜப்பானிய மொழியில். வரைபட எஸ்டி கார்ட் எங்கே என்றும் கேட்கும். அந்தக் கார்டைப் பழைய உரிமையாளர் எப்போதோ தொலைத்திருப்பார்.

திரை பற்றிப் பேசும்போது இரண்டாம் தலைமுறை பிரியஸைத் தனியாகச் சொல்லவேண்டும். அதன் ஏசிக் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதி நடுத்திரைக்குள்ளேயே இருக்கிறது. திரை பழுதானால் ஏசியும் கைக்கெட்டாமல் போகும். தொட்டால் “பீப்” என்று சத்தம் வரும், ஆனால் ஏசிப் பக்கம் திறக்காது, திறந்தாலும் எண் மாறாது. வாசலில் அழைப்புமணி அடிக்கிறது, வீட்டுக்குள் யாருக்கும் கேட்கவில்லை என்ற நிலை அது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரை நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். தொடுகையைத் திரை உணர்ந்தது என்பதற்கு மட்டுமே “பீப்” சாட்சி. செய்தி வெளியே போனதா என்பது வேறு கேள்வி. ஸ்டியரிங்கில் உள்ள ஏசி பட்டன்களை அமத்திப் பாருங்கள். அவை கேட்டால் ஏசி கணினி உயிரோடு இருக்கிறது, குற்றவாளி திரைதான். ஓடியோவும் சேர்ந்து செத்திருந்தால் சந்தேகம் திரையின் பின்னால் உள்ள சொருகிகளிலும், ஈயப்பற்றுகளிலும், இந்தக் கருவிகளை இணைக்கும் தகவல் வயர்களிலும் விழவேண்டும்.

அந்தத் திரைக்குள் ஒரு மறைவான பரிசோதனைப் பக்கமும் இருக்கிறது. திரையின் பக்கத்திலுள்ள தகவல் பட்டனை அமத்திப் பிடித்தபடி, பார்க் விளக்கை மூன்றுமுறை போட்டு அணைத்தால் அது திறக்கும். அங்கே 12 வோல்ற் அமைப்பின் அளவைக் கருவி எதுவுமின்றியே பார்க்கலாம். இதை அறிந்த உரிமையாளர்கள் இங்கே குறைவு என்பது வருத்தமான விடயம்.

அழகான பெரிய அன்ட்ரொய்ட் திரை பூட்டும் மோகம் இன்னொரு காரணம். ஏசி கட்டளைகள் தொழிற்சாலைத் திரை வழியாகப் போகும் கார்களில், பொருத்தமான இடைமாற்றிப் பெட்டி இல்லாமல் புதுத் திரையைப் பூட்டினால் பாட்டுக் கேட்கும், ஏசி கேட்காது. கார் வாங்கும்போது திரை மாற்றப்பட்டிருந்தால், பழைய திரை எங்கே என்று கேளுங்கள்.

அக்வா, அக்சியோ போன்றவற்றில் ஏசிப் பனல் தனியாக இருப்பதால் இந்தத் துன்பம் குறைவு. அங்கே தேநீர் சிந்திய கறையும் தூசியும் பட்டனுக்கடியில் தங்குகின்றன, பியூஸ் போகிறது, எலி வயரைக் கடிக்கிறது. 2013இலிருந்து வந்த பிட் ஹைபிரிட், வெசல் ஆகியவற்றில் ஹொண்டா பட்டனுக்குப் பதிலாக விரலின் மின்னேற்றத்தை உணரும் தொடுபலகையை வைத்தது. ஈரக் கை, மேலே ஒட்டிய தடித்த பாதுகாப்பு ஒட்டி, இரண்டுமே அதைக் குழப்பும். முதலில் துடைத்துப் பாருங்கள், ஒட்டியை உரித்துப் பாருங்கள். பழைய, முதல் பிட் ஹைபிரிட் வேறு இனம். அதில் கொம்பிரசர் பெல்ற்றில் ஓடுகிறது. சிக்னலில் எஞ்சின் நின்றதும் குளிர் குறைவது அதன் இயல்பு. அதைப் பழுதென்று கொண்டுபோய் கராஜ்காரரிடம் ஒப்படைக்காதீர்கள்.

பல டொயோட்டா கார்களில் ஏசி தன் நோயைத் தானே சொல்லும் வழி உண்டு. ‘ஓட்டோ’ பட்டனையும் உட்காற்றுச் சுழற்சிப் பட்டனையும் சேர்த்து அமத்தியபடி காரை ‘ஓன்’ நிலைக்குக் கொண்டுவந்தால், பனலின் விளக்குகள் எல்லாம் நான்குமுறை மினுங்கும். மினுங்கினாலே பனலுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அதன்பிறகு எண்கள் வரும். 00 என்றால் பழுதில்லை. 11 காரின் உள்வெப்ப சென்சர், 12 வெளிவெப்ப சென்சர், 13 குளிர்விப்பானின் சென்சர். 21 வெயிலை உணரும் சென்சர், இருண்ட கராஜுக்குள் நின்று பார்த்தால் இது பழுதில்லாமலே வரும். காரை வெயிலில் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

இதில் 12ஆம் எண்ணைச் சாதாரணமாக எடுக்கக்கூடாது. வெளிவெப்ப சென்சர் முன்பக்கத்தில், பம்பரை ஒட்டி இருக்கிறது. சிறு விபத்துக்குப் பின் பம்பரைக் கழற்றி மாட்டியவர் அதன் சொருகியைப் போடாமல் விட்டிருந்தால், வெளியே உறைபனி என்று கணினி நம்பிவிடும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் நின்றுகொண்டு கொம்பிரசரை இயக்க மறுக்கும். ஒரு சொருகியால் குணமாகும் இந்தக் குறைக்குக் கொம்பிரசர் மாற்றுவது கொடுமை. தெருவோரக் கடையில் வாங்கும் சாதாரண புளூடூத் ஸ்கான் கருவிகள் எஞ்சின் பழுதுகளைத்தான் வாசிக்கும். ஏசி, உடற்பகுதிக் கணினிகளின் பழுதுகளை அவை பெரும்பாலும் காணா. டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் போன்ற மென்பொருள் வைத்திருக்கும் கராஜைத் தேடுங்கள்.

காற்றே வராத நிலைக்குக் காரணங்கள் எளியவை. டாஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னாலுள்ள கபின் பில்ற்றரை இழுத்துப் பாருங்கள். செம்மண் தூசியும் சருகும் அடைத்து மெத்தைபோல் வருவதைக் காணலாம். புளோவர் மோட்டரும் அதன் பியூஸும் அடுத்தவை.

உண்மையிலேயே கொம்பிரசர் பக்கம்தான் பழுது என்றால், அங்கே சிக்கனமும் துணிச்சலும் ஆபத்து. செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் அழுத்த மின்சாரம் ஓடுபவை. மனிதனைக் கொல்லப் போதுமானவை. பின்னால் உள்ள பாதுகாப்புச் சொருகியைக் கழற்றி, மின்தேக்கிகளில் தங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிடம் காத்திருந்து, காப்புக் கையுறை போட்டபின்தான் பயிற்சி பெற்றவர்கூட அவற்றில் கைவைக்க வேண்டும். உங்கள் கராஜில் அந்தக் கையுறை இல்லையென்றால் காரை எடுத்துக்கொண்டு வெளியேறுங்கள்.

எண்ணெயும் அப்படித்தான். மின்கொம்பிரசருக்குள் மோட்டரின் சுருள்கள் அந்த எண்ணெயிலேயே நனைந்திருக்கின்றன. டொயோட்டா கேட்பது மின்சாரத்தைக் கடத்தாத என்டி-11 வகை எண்ணெயை. சாதாரண கார்களுக்குப் போடும் பக் எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்புக் கெடும். எல்லாக் கார்களுக்கும் ஒரே இயந்திரத்தால் காஸ் நிரப்பும் கடையில், முந்திய காரின் எண்ணெய் குழாயில் தங்கியிருந்தாலே போதும். பிறகு காரின் கணினி உயர் அழுத்த மின்கசிவு என்று பி0ஏஏ6 என்ற பழுதைப் பதியும், சிலவேளை கார் ‘ரெடி’க்கே போகாமல் நின்றுவிடும். அந்தப் பழுதின் துணை எண் 611 என்றால் கசிவு ஏசிப் பகுதியில். அதை வாசிக்காமல் பெரிய பற்றரி போய்விட்டது என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

இவ்வளவு கவலை ஒரு குளிர்காற்றுக்காகவா என்று கேட்கலாம். வெயிலில் பள்ளிப்பிள்ளைகளையும் முதியவர்களையும் ஏற்றிக்கொண்டு மதவாச்சியிலிருந்து பரந்தன்வரை ஓடியவர் அப்படிக் கேட்கமாட்டார். அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. இந்த டொயோட்டாக்களில் பெரிய பற்றரியைக் குளிர்விப்பது காருக்குள் இருக்கும் காற்று. பின்னிருக்கைப் பக்கத்தில் ஒரு வலைத்துளை இருக்கும், பிரியஸில் இருக்கையின் ஓரத்தில், அக்வாவில் இருக்கையின் கீழ்ப்பகுதியில். அதன் வழியாக ஒரு விசிறி உட்காற்றை இழுத்துப் பற்றரிக்கு மேல் ஓடவிடுகிறது. ஏசி முடங்கியதும் கண்ணாடிகளை இறக்கிவிட்டு மாதக்கணக்கில் ஓடுபவர்கள், வெந்த காற்றையும் வீதித் தூசியையும் அந்தப் பற்றரிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். விசிறி அடைபடுகிறது, கலங்கள் சூட்டில் வாடுகின்றன. காரிலேயே விலைகூடிய பொருள் அப்படித்தான் காலத்துக்கு முன் சாகிறது. ஏசியைத் திருத்துவதைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்த வலைத்துளையை மறைத்து உடுப்புப் பையையும் தலையணையையும் வைக்கும் வழக்கத்தையும் இன்றே நிறுத்துங்கள்.

கராஜ்காரர்களை மட்டும் குறைசொல்வதும் நியாயமல்ல. பெல்ற்றும் கார்பரேற்றரும் கற்று வளர்ந்த கைகளில், எந்தப் பயிற்சியும் கொடுக்காமல் ஆயிரக்கணக்கான ஹைபிரிட்டுகளை இறக்கிவிட்டோம். ஜப்பானிய மொழியில் எழுதிய திரையையும் கையேட்டையும் வைத்துக்கொண்டு அவர்கள் ஊகித்தே வேலை பழகினார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. வடக்கில் ஏற்கெனவே கராஜ் நடத்துபவர்களுக்கும் மாலைநேரத்தில் ஹைபிரிட் பாதுகாப்பு, பழுதறிதல் பற்றிக் குறுகிய பாடநெறிகள் தமிழில் வேண்டும். இதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

பாவித்த ஹைபிரிட் ஒன்றை வாங்கப் போகிறவர்கள் நடுப்பகலில் போங்கள், வெயிலில் நின்ற காரையே காட்டச் சொல்லுங்கள். ‘ரெடி’யில் ஏசியை ஆகக் குறைந்த வெப்பநிலைக்கு இறக்கி, ஒவ்வொரு பட்டனையும் தனித்தனியாக அமத்திப் பாருங்கள், ஸ்டியரிங்கில் உள்ளவையும் சேர்த்து. மின்கொம்பிரசர் உள்ள கார் என்றால் எஞ்சின் தானாக நிற்கும் நேரத்திலும் குளிர் தொடரவேண்டும். பின்னிருக்கை வலைத்துளைக்குள் டோர்ச் அடித்து எவ்வளவு தூசி என்று பாருங்கள். 12 வோல்ற் பற்றரி எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்று கேளுங்கள். டெக்ஸ்ட்ரீமில் எடுத்த பழுதுப் பட்டியலைக் கேளுங்கள், அது முந்தினநாள்தான் அழிக்கப்பட்டதா என்றும் பாருங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்று விற்பவர் சொன்னால், முற்பணத்தைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.